ஆலங்கழிப் பள்ளியின் பத்தொன்பது முட்டைகள்

பிப்ரவரி 16, திங்கள்

இன்ஷூரன்ஸ்காரர் கொடுத்த டைரி இது. ஒன்றரை மாதமாக டிவிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று உருவிவிட்டேன். டிவி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கவில்லை. என் புலம்பலைக் கேட்பதையும் அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். இனி இந்த டைரிதான் கேட்க வேண்டும்.

நான் சண்முகக்கனி. வயது ஐம்பத்திரண்டு. ஆலங்கழி தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, அதன் பிறகு உப்பள வரப்பில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வலது முழங்கால் இந்த வரப்பை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. என் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அங்கே அமைப்பாளர் இடம் காலி. சும்மா எழுதி வைக்கிறேன்.

காலையில் போகிற வழியில் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை. முடித்தேன்.

மதியம் ஒன்றரைக்கு வழக்கம்போல மெஷின் போன் வந்தது. “இன்று முட்டை உண்ட மாணவர் எத்தனை?” என்று ஒரு பெண் குரல் கேட்கும். நான் எண்ணை அழுத்த வேண்டும். அரிசியைக் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம், முட்டை தலைக்கு ஒன்று, அதனால் முட்டை பொய் சொல்லாது என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. பத்தொன்பது அழுத்தினேன். பள்ளியில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள்தான்.

பிப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. தலைமையாசிரியர் செலஸ்டின் சார் காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு வந்தார். மாதா கோயில் தெருப் பிள்ளைகள் ஆறு பேரும் அப்படியே.

இரண்டாம் வகுப்பு முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. அவள் அம்மன் கோயில் தெரு. இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய், காது வரைக்கும் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். அவள் தெருப் பிள்ளைகள் மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே ஓடினார்கள். கணக்குப் பாடத்தின்போது வகுப்பில் பன்னிரண்டு வெள்ளை நெற்றிகள். பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் மட்டும் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி நாலாம் வகுப்பு சுல்தான்.

“நாளைக்கு எங்களுக்கு நோன்பு. அப்பப் பாத்துக்கிடுதேன்” என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் வகுப்பு ஜெனிட்டா முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். ஈஸ்டர் வரைக்கும் முட்டை தொடமாட்டாளாம். அவள் தெரு மொத்தமும் தள்ளியது. இன்று அழுத்தியது 13.

பிப்ரவரி 19, வியாழன்

சொன்னபடியே செய்துவிட்டான். பள்ளிவாசல் தெரு ஏழும் நோன்பு. அதில் மூன்று பேருக்குப் பால்பல்லே விழவில்லை.

“அரை நோன்புதான், பன்னிரண்டு மணிக்கு விட்டுருவாவ” என்று சமையல்காரி பாத்திமுத்து லாத்தா சிரித்தாள். பன்னிரண்டுக்கு ஒருவனும் விடவில்லை. ஜெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

லாத்தாவும் நோன்பு, சாம்பாரில் உப்புப் பார்க்க முடியாது. நான் பார்த்தேன். போதவில்லை என்று ஒரு கை போட்டேன். லாத்தா ஏற்கெனவே குத்துமதிப்பாக இன்னொரு கை போட்டிருந்தாள். உப்பளத்து ஊரில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

அழுத்தியது 6.

பிப்ரவரி 23, திங்கள்

முத்துப்பேச்சியும் நோன்பாம். காரணம் கேட்டேன்.

“சாயங்காலம் பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்துதாவ. நோன்பு இருந்தாத்தான் தம்பிக்கும் சேத்துக் கேக்கலாம்.”

தம்பிக்கு நாலே முக்கால் வயது. அவள் இடுப்பில்தான் வளர்கிறான். அவர்கள் அம்மா விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவாள்.

அழுத்தியது 5. செலஸ்டின் சார் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார். “கனியம்மா, பிள்ளைய எல்லாம் வந்திருக்கு. பத்தொம்பதுன்னே போடுங்களேன்.”

“எண்ணிக்கையில பொய் சொல்ல மாட்டேன் சார். இருவத்தோரு வருச சர்வீஸ்.”

சொல்லி முடித்தபோது எனக்கே என் மேல் பெரிய மரியாதை வந்தது.

மார்ச் 2, திங்கள்

பஸ்ஸை விட்டேன். முழங்கால். அழுத்தியது 5.

மார்ச் 4, புதன்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து தபால். சார் உரக்கப் படித்தார். ஆலங்கழிப் பள்ளியை மூடி, புதுக்கரைப் பள்ளியோடு சேர்க்க உத்தேசமாம். “மேற்படி பள்ளியில் மாணவர்கள் பெயரளவிலேயே உள்ளனர், உண்பவர் சொற்பம் எனத் தெரிய வருகிறது. புதுக்கரைப் பள்ளி 850 மீட்டர் தூரத்திலேயே அமைந்துள்ளது.”

வாக்கியம் நன்றாக எழுதப்பட்டிருந்தது.

எண்ணூற்றைம்பது மீட்டரைக் கேட்டு லாத்தாவே சிரித்துவிட்டாள். வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்திருக்கிறார்கள். நடுவில் நாரைக்கழி என்ற உப்பங்கழி ஓடுகிறது. கடல் ஓதம் ஏறினால் ஆள் முங்கும், இறங்கினால் இடுப்பளவு சகதி. புதுக்கரைக்குப் போக வேண்டுமென்றால் நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடந்து, பாலம் ஏறி, சுற்றிக்கொண்டு நாலே கால் கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளைகள், லாரி போகிற சாலை.

சார் சிரிக்கவில்லை. “தெரிய வருகிறதுன்னு போட்டிருக்கான். யாரு தெரிய வச்சா?”

“யாராவது இருப்பாவ” என்று சாம்பாரைக் கிண்டப் போனேன். இன்று சாம்பாரே கிடையாது, எலுமிச்சம் சோறு. அதையும் கிண்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

மூன்று தெருவும் பள்ளி முற்றத்தில் கூடியது. முதல் அரை மணி நேரம் இது மற்ற இரண்டு தெருவும் சேர்ந்து செய்த சதி என்று மூன்று தெருவும் பேசியது. அதன் பிறகு யோசனைகள். டவுனில் ஜமாத் நடத்தும் பள்ளிக்கு வேன் வரும் என்றார் ஒருவர். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கும் வேன் உண்டு என்றார் இன்னொருவர். வித்யாலயாவில் கேட்டால் மஞ்சள் வேனே அனுப்புவார்கள் என்றார் மூன்றாமவர். ஆளுக்கொரு வேன், ஆளுக்கொரு திசை. ஏற்றிவிடக் காசிருப்பவர்கள் அந்த நிமிஷமே பாதி ஏறிவிட்டார்கள்.

முத்துப்பேச்சியின் அம்மா செல்லக்கனி கால் உப்பைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள். அவள் ஒன்றுதான் சொன்னாள். “வேனுக்கு நான் எங்க போவேன். ரோட்டத் தாண்டித் தனியா அனுப்பவும் முடியாது. இவ வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கிடட்டும்.”

முத்துப்பேச்சி தம்பியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை எதற்கும் எதிர்வாதம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கென்ன வந்தது. என் வீட்டுக்கு எதிரே பள்ளி இருக்கிறது.

மார்ச் 7, சனி

விடுமுறை. நாள் முழுக்க வீடு கழுவினேன். கழுவின இடத்தையே திரும்பவும் கழுவுவதாக வீட்டுக்காரர் சொன்னார். சாய்ந்த டிவி கண்ணில் படவில்லை, இது மட்டும் பட்டிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரத்துக்கு அந்தத் தெருவில் முட்டை என்ற பேச்சே கூடாது. கடைசி ஐந்து பேரும் போயாச்சு.

ஆக ஏழு பேருக்கு நோன்பு, ஆறு பேருக்குத் தவக்காலம், ஆறு பேருக்குக் காப்பு. சாருக்குத் தவக்காலம், லாத்தாவுக்கு நோன்பு, எனக்குக் காப்பு. மூன்று சாமிகளும் கலந்து பேசி வைத்ததுபோல ஒரே மாதத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஆலங்கழிப் பள்ளியில் முட்டை தின்ன ஆளில்லை. முட்டை அட்டைகள் என் மேசைக்கு அடியில் ஏறிக்கொண்டே போகின்றன.

பூஜ்யத்தை அழுத்தினேன். “நன்றி” என்றது மெஷின்.

இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். பதினாறாம் தேதி அலுவலகத்தில் நான் முடித்த சின்ன வேலை ஒரு மனு. டவுனுக்கு மாறுதல் கேட்டு. சும்மா கேட்டால் தரமாட்டார்கள் என்று காரணமும் எழுதினேன். “மாணவர்கள் பெயரளவிலேயே உள்ளனர், உண்பவர் சொற்பம்.” அன்றைக்குப் பத்தொன்பது பேரும் முட்டை தின்று கையை நக்கினார்கள். நான் எழுதிய பொய்யை அதன் பிறகு இந்தப் பிள்ளைகள் மூன்று மதத்திலும் கூடி நிஜமாக்கிவிட்டார்கள்.

மார்ச் 11, புதன்

வெள்ளிக்கிழமை ஆய்வு அதிகாரி வருகிறார், சாப்பாட்டு நேரத்துக்கு. பேர் தணிகாசலம், வேலூர் பக்கம், போன மாதம்தான் மாற்றலாகி வந்தவராம்.

சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று இடத்துக்கும் போய்வந்தார். பிள்ளைகள் ஒரு நாள் முட்டை தின்றால் குற்றமா என்று கேட்கத்தான்.

பங்குத் தந்தை, “சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடமையே கிடையாதே, யாரு சொன்னது” என்றாராம். பள்ளிவாசல் அசரத், “பால்பல்லு விழாத பிள்ளையள யாரு நோன்பு வைக்கச் சொன்னா” என்று கோபப்பட்டாராம். பூசாரி மட்டும் அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டுவிட்டு, “பாலகருக்கு விலக்கு” என்றாராம்.

சார் முகம் மலர்ந்து வந்தார். மூன்று மதமும் முட்டைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. வகுப்பில் அறிவித்தார்.

பிள்ளைகள் அனுமதி கொடுக்கவில்லை.

“முதல்ல அவன் திங்கட்டும்” என்றாள் ஜெனிட்டா, சுல்தானைக் காட்டி.

“நான் ஏன் திங்கணும்? அம்மன் தெருவுல மொதல்ல திங்கச் சொல்லுங்க. அவுக இருக்கது நேத்திருந்துதான்.”

“நான் நோன்புலருந்தே இருக்கேன்” என்றாள் முத்துப்பேச்சி. அவள் கணக்கில் அவளுக்கு இரண்டு விரதம்.

யார் முதலில் தின்றாலும் அந்தத் தெரு தோற்றுப்போகும். சார் கெஞ்சினார், அதட்டினார், மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். மிட்டாயை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். முட்டை மட்டும் முடியாதாம்.

மார்ச் 13, வெள்ளி

பொறுமையாக எழுத வேண்டிய நாள்.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. தணிகாசலம் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பத்தொன்பது தட்டு, தட்டுக்கு ஒரு முட்டை. ஒரு கைகூட அசையவில்லை. அவர் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, திரும்பவும் நடந்தார்.

“ஏம்மா, சாப்பிட மாட்டியா?”

“தவக்கால வெள்ளி, இன்னைக்குச் சுத்தபோசனம்” என்றாள் ஜெனிட்டா.

“நீ?”

“நோன்பு.”

“நீ?”

“காப்பு. நோன்பும் உண்டு” என்றாள் முத்துப்பேச்சி.

அதிகாரி சார் பக்கம் திரும்பினார். “நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. நெஜமா இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ளையா இருந்தா மதியச் சோத்த தொடாம குந்தியிருக்குமா? எந்த ஊர்லருந்து கூட்டினு வந்தீங்க இன்னிக்கு மட்டும்?”

செலஸ்டின் சார் வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர். அதிகாரி அதைத் திறக்கவே இல்லை.

“நான் சொல்லலீங்க. உங்க அமைப்பாளரே எழுதிக் குடுத்துருக்காங்க” என்று கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். நீல மை. என் கையெழுத்து பத்தடி தூரத்திலேயே தெரியும், ‘ச’ கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

சார் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. லாத்தா பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜூன் மாதம் வீட்டு வாசலில் செருப்பைப் போட்டு எதிர் வாசலில் கழற்றலாம். அந்த நேரத்திலும் இதை நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் முத்துப்பேச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தம்பி நின்றான்.

“நான் தினம் அழுத்தின எண்ணிக்கை நெசம் சார்” என்றேன். “கடுதாசிதான் பொய். எழுதுன அன்னைக்குப் பத்தொம்பதும் தின்னுச்சு. எனக்கு முட்டி வலி, டவுனுக்கு மாத்தல் வேணும்னு பொய் எழுதுனேன். இந்தப் பிள்ளைய எல்லாம் இந்த ஊருதான். யாரு வீட்டுக்கு வேணும்னாலும் வாங்க, காட்டுதேன்.”

வெட்கமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதிகாரி ஒரு பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவர் அதோடு விடவில்லை. “அப்பவும் புதுக்கரை பக்கந்தானேங்க? எண்ணூத்தி அம்பது மீட்டரு.”

“வாங்க சார், கூட்டிட்டுப் போறோம்” என்று எழுந்தான் சுல்தான். பத்தொன்பதும் எழுந்தது.

கழிக்கரை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். அக்கரையில் புதுக்கரைப் பள்ளியின் கொடிக்கம்பம் தெளிவாகத் தெரிந்தது, அங்கே மணி அடித்ததுகூடக் கேட்டது. அதிகாரிக்குச் சந்தோஷம். “இதோ இருக்குதே.”

“ஆமா சார். நாரைக்கு எண்ணூத்தி அம்பது மீட்டருதான்” என்றாள் ஜெனிட்டா.

ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். இடது கால் முழங்கால் வரை போனது. செருப்பு வரவில்லை. மூன்று தெருப் பிள்ளைகளும் சேர்ந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். நாலு வாரத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாலத்து வழியையும் பார்க்கிறேன் என்றார். ஜீப்பைக் கூப்பிடப் போனார். “எங்ககிட்ட ஜீப்பு இல்லயே சார்” என்றாள் முத்துப்பேச்சி. அவர் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தார். செலஸ்டின் சார் எல்லாப் பிள்ளைகளையும் போக விடவில்லை. சுல்தான், ஜெனிட்டா, முத்துப்பேச்சி மூன்று பேர், கூட நானும் என் முழங்காலும். நாலுவழிச் சாலையில் பதினோரு நிமிடம் நின்றோம். லாரி விட்டால் பஸ், பஸ் விட்டால் லாரி. கடைசியில் அதிகாரி இரண்டு பேரை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடுத்திட்டு வரைக்கும் ஓடினார். அங்கே நின்று மூச்சு வாங்கினார். மறுபாதிச் சாலை பாக்கி இருந்தது. அதற்கு மேல் போகவில்லை. “போதும்” என்றார்.

திரும்பும் வழியில் டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு எதிரே வந்தார். அதிகாரி மூடியைத் திறந்தார். சுல்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூடியைத் திருப்பி மூடிவிட்டார்.

பள்ளிக்குத் திரும்பும்போது மணி இரண்டேகால். அவருக்குப் பசி, முகத்திலேயே தெரிந்தது. லாத்தா இலை போட்டுச் சோறு வைத்து, மேலே ஒரு முட்டையும் வைத்தாள். அவர் முட்டையை எடுத்தார். பத்தொன்பது ஜோடிக் கண்ணும் அந்த முட்டையிலேயே இருந்தது. இலை ஓரத்தில் மெல்ல இறக்கி வைத்தார்.

“வெள்ளிக்கிழம நானும் சாப்பிடறதில்ல” என்றார்.

ஒன்றரைக்கு எடுக்காததால் மெஷின் திரும்பவும் கூப்பிட்டது. அழுத்தியது பூஜ்யம், அதிகாரியையும் சேர்த்து.

மார்ச் 17, செவ்வாய்

சார் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் நான் பக்கத்திலேயே நிற்கும்போது லாத்தாவிடம் சொல்லிக் கேட்கிறார். “உப்புப் பாத்தாச்சான்னு கேளுங்க லாத்தா.” நானும் லாத்தாவிடம்தான் பதில் சொல்கிறேன். அவள் நோன்புக்காரி, பாவம், இத்தனை பேச்சும் வறண்ட தொண்டையில்.

மார்ச் 23, திங்கள்

சனிக்கிழமை நோன்புப் பெருநாள் முடிந்தது. இன்று சுல்தான் முதல் ஆளாக உட்கார்ந்து முட்டையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டித் தின்றான். ஜெனிட்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழுத்தியது 7.

தபாலும் வந்தது. நாரைக்கழிக்குப் பாலம் கட்டும் வரை ஆலங்கழிப் பள்ளி தொடரலாம். கூடவே எனக்குத் தனியாக ஒரு மெமோ, பொய் மனு கொடுத்ததற்கு. இருபத்தோரு வருடத்தில் முதல் மெமோ. வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கழிக்கு இந்த ஜென்மத்தில் பாலம் வராது.

மார்ச் 26, வியாழன்

கொடையும் முடிந்தது. 13.

சார் என்னிடம் நேரடியாகவே பேசினார். “கனியம்மா, முட்டி வலின்னா முட்டி வலின்னு எழுதணும்.” ஒரு தாளை நீட்டினார். அவரே டைப் அடித்த புது மாறுதல் மனு. காரணம்: முழங்கால் தேய்மானம். கீழே அவருடைய பரிந்துரை, கையெழுத்தோடு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அழுதுவிடுவேனோ என்று பயந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று ஈஸ்டர். இன்று மாதா கோயில் தெருவும் திரும்பிவிட்டது. நாற்பத்தேழு நாளைக்குப் பிறகு பத்தொன்பது முட்டையும் வெந்தது. ஜெனிட்டா தன்னுடையதை ஒரே வாயில் போட்டுவிட்டு, நிறைய நாள் தாங்கியது தான்தானே என்று எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கினாள்.

முத்துப்பேச்சி தம்பியோடு வந்திருந்தாள். இன்று இடுப்பில் இல்லை, நடத்திக் கூட்டி வந்தாள்.

“பக்கத்துலதான பள்ளிக்கூடம். அவனே நடந்துட்டான்” என்றாள். “சார் உக்காரச் சொல்லிட்டாவ. ஜூன்ல பேரு எழுதிக்கிடுவாவளாம்.”

அவனுக்குத் தட்டு கிடையாது, முட்டையும் கிடையாது. வந்ததே பத்தொன்பது. காலையில் வீட்டிலிருந்து எனக்காக அவித்துக் கொண்டுவந்த முட்டை டப்பாவில் இருந்தது. பைக்குள் பத்து நாளாகக் கிடந்த மனுவை நாலாக மடித்து அவன் முன்னால் வைத்து, முட்டையை உரித்து அதன் மேல் வைத்தேன். மஞ்சள் கருவைத் தாளோடு சேர்த்து நக்கினான். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் முழுக்க எச்சில்.

ஒன்றரைக்கு மெஷின் கூப்பிட்டது. இருபது அழுத்தினேன்.

“தாங்கள் அளித்த எண்ணிக்கை பதிவு எண்ணிக்கையை விட அதிகம். மீண்டும் அழுத்தவும்.”

இருபது அழுத்தினேன்.

“மீண்டும் அழுத்தவும்.”

எண்ணிக்கையில் நான் பொய் சொல்லமாட்டேன். மூன்றாம் தடவையும் இருபதுதான் அழுத்தினேன்.